டிகாஷன் நிறம்

டிகாஷனில் தாள் நனைப்பது எனக்குக் கைவந்த வேலை. இரண்டாம் டிகாஷன் போதும். முதல் டிகாஷன் என்றால் கறுத்துவிடும். தாம்பாளத்தில் ஊற்றி, தாளை ஒரு நிமிடம் கிடத்தி எடுத்து, பழைய வேட்டியின் மேல் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் காயுமுன் நாலு காபித்தூளைத் தூவினால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தது போல் ஆகும். ஓரத்தை அடிக்கோல் வைத்துக் கிழித்து நகத்தால் சுருட்டிவிட்டால், தாளுக்கு நூறு வயது கூடிவிடும்.

போன டிசம்பரில் அத்தையின் கல்யாணப் படத்துக்கு அப்படி ஒரு ஸ்கிராப்புக் பக்கம் செய்துகொண்டிருந்தேன். அடியில் டிகாஷன் தாள். அதன்மேல், கேக்குக்கு அடியில் வைப்பார்களே, ஓட்டை ஓட்டையாகப் பூவேலை செய்த வெள்ளைத் தாள், அதில் பாதி. அதற்கும் மேல் பழுப்பு அட்டை, படம், ஒரு சட்டைப் பொத்தான், சணல் கயிற்றில் ஒரு முடிச்சு. படம் சற்று எழும்பி நிற்கப் பின்னால் ஸ்பாஞ்சுத் துண்டு. இந்தக் கோலத்துக்கு ‘விண்டேஜ்’ என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருந்த தங்கை மகள், ஒன்பது வயது, கேட்டாள்:

“பெரியம்மா, அந்தக் காலத்துல எல்லாமே காப்பிக் கலர்லதான் இருந்துச்சா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அத்தையின் கல்யாணச் சேலை அரக்குச் சிவப்பு. நானே கட்டிப் பார்த்திருக்கிறேன். “இரு, பாத்துச் சொல்றேன்” என்றேன். அந்தப் ‘பாத்துச் சொல்றேன்’ பொங்கல் வரை இழுத்துவிட்டது.

முதல் துப்பு மேசை மேலேயே கிடந்தது. ஒட்டுவதற்காக நான் வாங்கி வைத்திருந்த ரோஜாப் படத் தாள். பூக்கள் தத்தம் உருவத்தின் ஓரத்தோடு வெட்டப்பட்டு, சின்னச் சின்ன வெள்ளைப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தன. இந்தப் பட்டைகள் எதற்கு என்று தேடிப் போனதில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்கிராப் என்றால் கழித்துப் போட்ட துண்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பத்திரிகையில் வெட்டிய துண்டுகளை ஒட்டி வைத்ததால் ஸ்கிராப்புக். அது பாதி சரி. மீதிப் பாதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஸ்கிராப்’ என்ற பெயரிலேயே ஒரு சரக்கு தாள் தாளாகக் கடைகளில் விற்றது. தேவதை, ரோஜா, நாய்க்குட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் வண்ணத்தில் அச்சாகி, பின்னாலிருந்து அழுத்திப் புடைப்பாக்கி, மேலே பளபளப்பு பூசி, அச்சு வெட்டுக் கருவியால் ஓரம் வெட்டப்பட்டு வரும். ஜெர்மானியர்கள் இதை ‘ஒப்லாட்டன்’ என்றார்கள். கடிதத்துக்கு முத்திரை வைக்கும் மெல்லிய வில்லைக்கு இருந்த பெயர். பெர்லினில் இதற்கென்றே அச்சகங்கள் இருந்தன. உருவங்களைக் கோக்கும் பட்டைக்கு ‘ஏணி’ என்று பெயர். அதில்தான் அச்சிட்டவர் பெயரைப் போடுவார்கள். என் ரோஜாக்களின் ஏணியில் பெயரில்லை, பட்டை மட்டும் இருக்கிறது. எதற்கென்று தெரியாமலே நகலெடுத்திருக்கிறார்கள்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள இத்தகைய சரக்கைப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. டிகாஷன் நிறம் மருந்துக்கும் இல்லை. மிட்டாய் ரோஸ், மயில் நீலம், கிளிப்பச்சை. நம்மூர்த் திருவிழாக் கடை தோற்றுப்போகும். யோசித்தால் வேறெப்படி இருக்கும்? அலோய்ஸ் செனிஃபெல்டர் 1796 வாக்கில் மியூனிக்கில் கல்லச்சைக் கண்டுபிடித்தார். பவேரியாவில் சோல்ன்ஹோஃபெனில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய் மையால் வரைந்து அச்செடுப்பது. 1837-இல் கோட்ஃப்ருவா எங்கெல்மான் அதிலேயே பல வண்ணம் அச்சிடும் முறைக்குப் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரு தேவதைக்குப் பத்துப் பன்னிரண்டு கல்கூட ஆகும். ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் விழ வேண்டும். அத்தனை பாடுபட்டு நிறம் கொண்டுவந்தவர்கள் அதை மங்கலாகக் காட்டவா செய்வார்கள்? அந்த ஆல்பங்களை ஒட்டிய பெண்களுக்கு அது விண்டேஜே அல்ல. அன்றைக்கு வந்த புதுசு.

நிறம் சரி, தாள்மேல் தாள் வைக்கும் அடுக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், வூஸ்டர் நகரத்துக்குப் போக வேண்டும். எஸ்தர் ஹௌலண்ட் 1847-இல் படிப்பை முடித்து வீடு திரும்பியவர். அப்பா எழுதுபொருள் கடைக்காரர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின வாழ்த்து அட்டையைப் பார்த்துவிட்டு, இதை நாமே செய்யலாமே என்று தாள் சரிகையும் வண்ணப் படங்களும் வரவழைத்தார். தாள் சரிகை என்பது என் கேக்குத் தாளின் பாட்டி. அச்சால் அழுத்தித் தாளில் மேடு எழுப்பி, அந்த மேட்டை அரத்தால் ராவினால் ஓட்டை விழும், அவ்வளவுதான் வித்தை. ஹௌலண்ட் அந்த வெள்ளைச் சரிகைக்கு அடியில் வண்ண வில்லையை வைத்தார். ஓட்டை வழியே நிறம் தெரிந்தது. மடித்த தாளையே வில்லாக்கி நடுவில் செருகி, அடுக்கைத் தூக்கி நிறுத்தினார். என் ஸ்பாஞ்சுத் துண்டுக்கு அதுதான் மூத்தது.

விற்கப் புறப்பட்ட அண்ணனிடம் மாதிரிகளைக் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் பெரிது என்றிருந்தவருக்கு ஐயாயிரத்துக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். வீட்டு அறையில் மேசை போட்டுப் பெண்களை உட்காரவைத்தார். ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி அடித்தாளை வைப்பாள், அடுத்தவள் சரிகை ஒட்டுவாள், அதற்கடுத்தவள் பூ. நாம் ‘கைவேலை’ என்று உருகுகிறோமே, அதன் முன்னோடி ஒரு பட்டறை வரிசை! பின்னால் சிவப்பில் ‘எச்’ என்று ஓர் எழுத்து குத்தியிருக்கும். 1881-இல் தொழிலை இன்னொருவருக்கு விற்றுவிட்டார்.

நடுவில் எழுத்தாளர் மார்க் ட்வைனும் வருகிறார். பக்கங்களில் முன்னமே பசை தடவிய, நனைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக்கு 1873-இல் காப்புரிமை பெற்று நன்றாகவே சம்பாதித்தார். மைதாப்பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிளறிய எங்கள் அப்பத்தாவுக்கு அவரைத் தெரிந்திருந்தால் ஒரு கும்பிடு போட்டிருப்பார்.

ஆக, நிறம் கொட்டிக் கிடந்தது, அடுக்கும் இருந்தது. பழுப்பு மட்டும் எங்கிருந்து வந்தது? தாளிலிருந்து. முன்பெல்லாம் கந்தல் துணியைக் கூழாக்கித்தான் தாள் செய்தார்கள். 1840-களில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். தாள் மலிந்தது. ஆனால் மரத்தோடு அதிலுள்ள லிக்னின் என்ற பொருளும் வந்தது. வெளிச்சம் பட்டால் அது மஞ்சளாகும். மை ஊறாமலிருக்கத் தாளில் சேர்த்த படிகாரமும் குங்கிலியமும் அமிலத்தைக் கொடுத்தன. அமிலம் தாளை உள்ளிருந்தே அரித்து மொடமொடப்பாக்கும். பக்கத்தில் இருப்பதையும் விடாது. அத்தையின் பழைய ஆல்பத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு செருகியிருந்தது. அதை எடுத்தேன். எதிர்ப்பக்கத்தில் அதே அளவில், நான்கு மூலையும் அச்சாக, ஒரு பழுப்புச் சதுரம் நின்றது. செய்தியின் நிழல். நான் டிகாஷன் ஊற்றி வரவழைத்தது இந்த நோயைத்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டூடியோப் படங்களின் செம்பழுப்பில் கொஞ்சம் வேண்டுமென்றே வந்தது. படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றினால் அந்த நிறம் வரும், படமும் நீண்டநாள் உழைக்கும். அந்தப் பழுப்பு பத்திரம். தாளின் பழுப்பு சாவு. இந்த வேறுபாடு ஆல்பக்காரர்களுக்கு உறைக்க நெடுநாள் ஆயிற்று. யூட்டாவைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன் 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் தன் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தபின்தான் இன்றைய ஸ்கிராப்புக் மோகமே கிளம்பியது. அமிலமில்லாத் தாள் என்ற பேச்சும் அதோடு வளர்ந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். வீட்டு வளவில் அப்பத்தா மாட்டிய லட்சுமி படம் அப்படியே இருந்தது. ரவி வர்மா படம்தான். கீழே பொடி ஆங்கிலத்தில் ‘ரவி வர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா’ என்றிருக்கும். 1894-இல் ஜெர்மன் எந்திரங்களும் ஜெர்மன் ஆட்களும் வந்து தொடங்கிய அச்சகம், அதே கல்லச்சு. செட்டிநாட்டு வீடுகளில் அந்நாளில் இந்தப் படங்களை அப்படியே மாட்டிவிட மாட்டார்கள். லட்சுமியின் சேலைமேல் நிஜத் துணி, கரையில் ஜரிகை, நகைக்குச் சம்கி. அச்சின்மேல் அடுக்கு, அடுக்கின்மேல் கைவேலை. இருபது வருஷம் பார்த்த படத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கண்ணாடி கீறியிருந்ததால் சித்தப்பா சட்டத்தைக் கழற்றினார். பின்பலகையின் கணு இருந்த இடத்தில் தாளில் வட்டமாகப் பழுப்பு. முகம் மங்கி, தாமரை சாம்பல் பூத்திருந்தது. முந்தானைத் துணியின் ஒரு முனை பசை விட்டு எழும்பியிருக்க, தங்கை மகள் ஊதினாள். துணி அசைந்து, அடியில் வெளிச்சமே படாத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேலையின் அசல் அச்சு தெரிந்தது. ரத்தச் சிவப்பு, நேற்று அச்சானதுபோல.

“காப்பிக் கலர் இல்ல பெரியம்மா” என்றாள்.

அத்தையின் பக்கத்தைப் பிரித்து மறுபடி செய்தேன். கீழே அரக்கு நிறத் தாள், அமிலமில்லாதது. மேலே வெள்ளைச் சரிகை, ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு. டிகாஷன் போட்டே தீருவேன் என்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். ஆனால் படத்தை நகலெடுத்து, நகலை ஒட்டுங்கள். அசலை டிகாஷன் தாளின் அருகில்கூட வைக்காதீர்கள்.