நடுவாற்றில் விட்ட மூச்சு

பாகான் டத்தோவில் உறவினர் வீட்டுத் துக்கத்திற்குச் சென்றிருந்தபோது, அங்கே செபத்தில் வாசிக்கப்பட்ட திருவிவிலியத்தில், சிறுவயது முதல் ‘விசுவாசம்’ என்றே கேட்டுப் பழகிய இடங்களிலெல்லாம் ‘நம்பிக்கை’ என்ற சொல் ஒலித்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அது. நல்ல தமிழ்ச் சொல்தான். ஆயினும் அந்தப் பழைய வடசொல்லுக்காக என் மனம் ஏங்கிற்று.

விசுவாசமும் சுவாசமும் ஒரே தாதுவில் பிறந்தவை; அச்சம் நீங்கித் தடையின்றி மூச்சுவிடுதல் என்பதே விசுவாசத்தின் ஆதிப் பொருள். கடவுள் ஒருவர் உண்டென்று பேய்களும் ஒப்புக்கொண்டு நடுங்குகின்றன என்கிறது யாக்கோபின் நிருபம். அப்படியானால் இரட்சிப்புக்கு ஏதுவான விசுவாசம், அந்த ஒப்புதலுக்கு அப்பால், நடுக்கம் ஓய்ந்து மூச்சு வெளிவரும் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும்.

அந்த இடத்தை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். தென்னந்தோட்டத்தில் கொப்பரை காயவைத்துக் காலந்தள்ளிய என் பாட்டி, சித்தியவான் பக்கத்துக் கல்யாணம் ஒன்றிற்காக என்னையும் அழைத்துக்கொண்டு பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் சம்பான் ஏறினார். வெள்ளம் வடியும் நேரம். ஆற்றின் சேற்றுநீரும் கடலும் மோதுமிடத்தில் படகு தூக்கிப் போட்டது. நீச்சலறியாத பாட்டி, விரல்கள் வெளுக்கும்படி பலகையைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருந்தவர், துடுப்பைப் பிடித்திருந்த மலாய்க்காரரின் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே அக்கரையில் பார்வையை வைத்திருந்தார். பாட்டியிடமிருந்து நெடுமூச்சு ஒன்று வெளிப்பட்டது. கைகள் பலகையை விட்டன. ஆறோ அப்படியேதான் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா, சரணடைந்த ஜீவனுக்கு எது உவமை என்று வைணவரில் வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதித்தார்கள். 1827-இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறிஸ்துவைத் தழுவி, பின்னர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இவ்விரு குட்டிகளையும் பால்யத்திலேயே அறிந்திருப்பார் என்று எண்ணும்போது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது. கிருபைக்குக் காத்திருக்கும் மனம் அவருக்கு அந்நிய தேசத்திலிருந்து வரவேண்டியிருக்கவில்லை.

கிருபையா, கிரியையா என்று ஐரோப்பாவில் எழுந்த வழக்கோ பிளவாகவே முடிந்தது. 1999 அக்டோபர் 31-இல்தான் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும், மனிதன் தன் தகுதியால் அன்றிக் கிருபையால், கிறிஸ்துவின்மேல் வைத்த விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்றும், நற்கிரியைகள் அதன் கனிகளே என்றும் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் கண்முன் வந்தவர் பாட்டிதான்.

பலகையை விட்ட கைகளை அவர் மடியில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. படகின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. யாரும் சொல்லாமலே, காலருகில் மிதந்த சிரட்டையை எடுத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அக்கரை சேரும்வரை இறைத்துக்கொண்டே வந்தார்.