கடைசலில் பிறக்கும் ரயில்

பெங்களூரு சிட்டி நிலையத்தில் மைசூர் பக்கம் போகும் மெமு ரயிலில் ஏறினால் கெங்கேரி, பிடதி, 'ஷோலே' படப் பாறைகளுக்குப் பெயர்போன ராமநகரம் எல்லாம் தாண்டி, சுமார் 60 கி.மீ. தொலைவில் வருகிறது சென்னபட்டணா. நமது பழைய சென்னப்பட்டணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கன்னடர்களுக்கு இது 'கொம்பெகள நகரா', பொம்மைகளின் ஊர். இங்கே விற்கும் பொம்மைகளில் ரயிலும் ஒன்று. உருண்டை எஞ்சின், பின்னால் ஒன்றிரண்டு பெட்டிகள், மரச் சக்கரங்கள். கயிறு கட்டி இழுத்தால் நகரும்.

மாதிரி ரயில் சேகரிப்பில் ஊறியவர்கள் இதை ஏறிட்டுப் பார்ப்பது அபூர்வம். அவர்களில் பலருடைய உலகம் 1:87 என்ற 'ஹெச்.ஓ.' அளவு. அதில் இந்திய ரசிகருக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்த அளவுக்கு விற்கப்படும் 16.5 மி.மீ. தண்டவாளம், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கிச் செய்தது. நமது அகலப்பாதையோ 1,676 மி.மீ. கணக்குப்படி 19 மி.மீ.க்குச் சற்று மேலே வேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் ஓடும் இந்திய எஞ்சின்கள் எல்லாம் கால் ஒடுங்கியவையே. சென்னபட்டணா ரயிலுக்கு அந்தக் கவலை கிடையாது, தண்டவாளமே இல்லாததால்.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வந்து கற்றுக்கொடுத்த தொழில் என்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய உத்திகளைக் கொண்டுவந்து மெருகேற்றியவராக பாவாஸ் மியான் பெயர் சொல்லப்படுகிறது. மரம் மாறவில்லை. கன்னடத்தில் 'ஆலெ', தமிழில் வெட்பாலை. தந்தம் போல வெளுத்த, மென்மையான மரம். மாதக்கணக்கில் காயவைத்துத் துண்டுபோட்டுக் கடைசல் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். உளி பட்டதும் சுருள் சுருளாக விழுகிறது சீவல். அடுத்துதான் வேடிக்கை. இங்கே தூரிகையும் கிடையாது, பெயின்டும் கிடையாது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகித் தானே படிந்துவிடுகிறது. காய்ந்த தாழை மடலால் ஒரு தேய்ப்பு, கண்ணாடி போல மினுங்குகிறது. அம்பாசமுத்திரம் செப்புச் சாமானை வைத்து விளையாடியவர்களுக்கு இந்த மினுமினுப்பு புதிதல்ல.

கடைசல் இயந்திரத்துக்கு உருண்டைதான் வரும். கொதிகலன், புகைபோக்கி, சக்கரம் என்று நீராவி எஞ்சினில் எல்லாமே உருண்டை. மைசூர் பாதையில் நீராவி ஓய்ந்து எத்தனையோ காலமாகியும் இந்தப் பொம்மை புகைபோக்கியை விடாததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை-மைசூர் 'வந்தே பாரத்' இந்த ஊரில் நிற்பதில்லை. கடைசலில் அதைச் செய்வதும் லேசுப்பட்ட காரியமல்ல.

2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தியது மத்திய அரசு. 2023-இல் அது 70 ஆனது. சீன பிளாஸ்டிக்கால் நொந்துபோன பட்டறைகளுக்கு இது கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 2023 மார்ச்சில் பெங்களூரு-மைசூர் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அது ஊருக்குள் நுழைவதில்லை. பழைய நெடுஞ்சாலையின் இருபுறமும் வரிசைகட்டி நின்ற பொம்மைக் கடைகள், மைசூர் போகும் கார்கள் காபிக்கு நிறுத்தும்போது நடக்கும் வியாபாரத்தை நம்பியவை. குழந்தை அழுதால் ஒரு ரயில் விற்கும். இப்போது கார்கள் நிற்பதில்லை, குழந்தையின் கண்ணில் கடை படுவதும் இல்லை. பெங்களூருக்குப் பயண நேரம் மிச்சமானது உண்மை. அந்தக் கணக்கில் பொம்மைக் கடைக்காரரின் பங்கை யாரும் சேர்க்கவில்லை.

2025-இல் ராமநகரம் மாவட்டத்தின் பெயர் 'பெங்களூரு தெற்கு' என்று மாறியது. காகிதத்தில் சென்னபட்டணாவும் பெங்களூருதான். பட்டறைப் பிள்ளைகள் பலர் அதற்கு முன்பே தலைநகருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். கடைசல் இயந்திரங்களின் முன்னால் இப்போது பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெட்டிகளை ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. கையால் கலக்கும் அரக்கு என்பதால், அடுத்த வருடம் வாங்கும் பெட்டியின் சிவப்பு இந்த வருடத்து எஞ்சினோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.