ரயில் ஓடிய தடத்தில் ஜீப்பில் போனோம்

'பேய் ஊர்' என்று அமெரிக்காவில் சில ஊர்களைச் சொல்கிறார்கள். பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. ஜனங்கள் கிளம்பிப் போய்விட, வீடுகள் மட்டும் நிற்கிற ஊர், அவ்வளவுதான்! கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில் இவை நிறைய உண்டு. தங்கம், வெள்ளிச் சுரங்கங்களால் முளைத்தவை. ஜீப் வைத்திருப்பவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். டென்வரில் இருக்கும் என் தம்பி அப்படி ஒரு கூட்டத்தோடு என்னையும் அழைத்துப் போனான்.

ஒற்றை வண்டியாகப் போவதில்லை. ஒன்று சகதியில் மாட்டினால் இன்னொன்று கயிறு போட்டு இழுக்கணுமே! மலை ஏறுமுன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுகிறார்கள். டயர் அகலமாகப் படிந்து கல்லைப் பிடித்துக்கொள்ளுமாம், குலுக்கலும் குறையுமாம். (என் இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும்!) குறுகலான பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்.

நாங்கள் போனது செயின்ட் எல்மோ. சுமார் 10,000 அடி உயரம். 1880-ல் உண்டான ஊர். நல்ல நாளில் 2,000 பேர்வரை இருந்தார்களாம். பக்கத்துப் பெரிய சுரங்கத்துக்கு மேரி மர்ஃபி என்று பெயர். நோயில் தன்னைக் கவனித்துக்கொண்ட நர்சின் பெயரை ஒருவர் வைத்தார் என்கிறார்கள்.

ஊரைத் தாண்டி ஹான்காக் வரை ஜீப் போவது பழைய ரயில் தடத்திலேயேதான். ரயில் செங்குத்தாக ஏறாதல்லவா, அதனால் ஏற்றம் சீராக இருக்கிறது. அதற்கு மேல் நடைதான். ஆங்காங்கே மக்கிய சிலீப்பர் கட்டைகள் கிடக்கின்றன. சுமார் 11,500 அடி உயரத்தில், 1,772 அடி நீளத்துக்கு மலையைக் குடைந்து ஒரு குகைப்பாதை போட்டார்கள். 1882-ல் ரயில் ஓடியது. 1910-ல் உள்ளே இடிந்தபின் மூடியதுதான், இன்று வாயே தெரியாமல் கல் மூடிக் கிடக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் உட்ஸ்டாக் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 1884 மார்ச்சில் பனிச்சரிவு அதை வாரிக்கொண்டு போனது. இறந்தவர் 13 பேர். அதில் 6 பேர் ஒரே விதவையின் பிள்ளைகள். தம்பி இதைச் சொன்னபின் எங்கள் வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போய் இறங்கியதும் மலையேறாதீர்கள். ஓரிரு நாள் கீழே தங்கி உடம்பைப் பழக்குங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் தாமதிக்காமல் இறங்கிவிட வேண்டும். இதய நோய்க்காரர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. கோடையில் மத்தியானம் இடி மின்னல் வரும், அதற்குள் உச்சியிலிருந்து இறங்கிவிடுவது நல்லது.

எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் துருப்பிடித்த பழைய ஆணி ஒன்றைப் பையில் போட்டான். கூட்டத் தலைவர் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அங்கே அது சட்டவிரோதம்கூட.

1920-களில் செயின்ட் எல்மோவுக்கு ரயிலும் நின்றது. எல்லோரும் போனார்கள், ஸ்டார்க் குடும்பம் போகவில்லை. கடையும் விடுதியும் நடத்தியவர்கள். பெற்றோர் காலத்துக்குப் பிறகும் மகள் அன்னபெல் அங்கேயே இருந்தாள். 1952-ல் தபாலாபீசும் மூடியாயிற்று. 1960-ல் அவளும் போய்ச் சேர்ந்தாள். அத்தனை பனியில், ஆளில்லாத தெருவில், எந்த வாடிக்கைக்காரருக்காகக் கடையைக் கூட்டிப் பெருக்கினாளோ!

இப்போது கோடையில் அங்கே ஒரு சிறு கடை இருக்கிறது. குழந்தைகள் சூரியகாந்தி விதையை நீட்டினால் அணில்கள் கையிலேயே வந்து உட்காருகின்றன. நம்மூர் அணில் மாதிரியே முதுகில் கோடு!