கையளவு

ஓர் இலக்கியப் பக்கத்தில் துப்பாக்கியைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் எழுதப்போவது கொலைக்கருவியைப் பற்றி அன்று. பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் ஓர் அட்டையைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்ட காற்றுத் துப்பாக்கியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால் அதன் மரப்பிடியைப் பற்றி. அதனினும் சரியாகச் சொன்னால் எங்கள் கைகளைப் பற்றி. நாங்கள் என்றது அக்காள் தங்கை இருவரை. இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எந்த வாக்கியம் யாருடையது என்று இப்போது எங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் வாய்த்தவை அப்பாவின் கைகள். நீண்ட விரல்கள், அகன்ற உள்ளங்கை, புடைத்த கணுக்கள். ஆண்பிள்ளைக்கு அமைந்திருந்தால் உழைக்கிற கை என்று பாராட்டியிருப்பார்கள். எங்களுக்கு அமைந்ததால் வளையல் கடைகளில் அது ஒரு பிரச்சினையாயிற்று. வளையலுக்கு 2.4, 2.6, 2.8, 2.10 என்று அளவுகள் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு, ஆகவே 2.8 என்பது இரண்டரை அங்குல விட்டம். அந்த அளவை முடிவு செய்வது மணிக்கட்டு அன்று, அதைத் தாண்டி வரவேண்டிய கணுக்கள். கடைக்காரர் 2.8-ஐ எடுத்துக்கொண்டு, சோப்பு நுரை தடவி, "கையைச் சுருக்கு கண்ணு, இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றுவார். பாதி உடையும், மீதி ஏறும். கை என்பது சுருக்கிக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற பாடத்தை நாங்கள் அங்கேதான் கற்றோம். அந்தப் பாடம் பிறகு எத்தனை தூரம் எங்களோடு வந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2017-இல் எங்கள் நகரத்து ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தோம். மூத்தவளுக்கு அப்போது முப்பத்தொன்று, இளையவளுக்கு இருபத்தேழு. கிளப்புக்குச் சொந்தமான பிஸ்டல்கள் நான்கு. நான்கிலும் நடுத்தர அளவுப் பிடி. யார் வந்தாலும் அதுதான். பெண்கள் என்பதால், இருந்தவற்றில் சற்று மெலிந்த பிடியாகப் பார்த்து எங்களிடம் கொடுத்தார்கள். அன்போடுதான் கொடுத்தார்கள்.

இந்த விளையாட்டைப் பார்த்தறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒரே கையை நீட்டிச் சுட வேண்டும். மற்றொரு கை துணைக்கு வரக்கூடாது. அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்; பாயும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஒரு போட்டிக்கு அறுபது குண்டுகள். 2018-க்கு முன்பு பெண்களுக்கு நாற்பதாக இருந்தது. குழாயின் மேல் முன்னே ஒரு குறியும் பின்னே பிளவுள்ள ஒரு குறியும் இருக்கும். எங்கள் துப்பாக்கியில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 32 செண்டிமீட்டர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு முப்பது மில்லிமீட்டருக்குமேல் விலகும். பத்துக்குப் போகவேண்டியது ஏழுக்குப் போய்விடும். ஆகவே சுடுகிறவரின் வேலையெல்லாம் விசையை இழுக்கும் அந்த ஒரு கணத்தில் குறிகளைக் கலைக்காமல் இருப்பதுதான். கலைப்பது பெரும்பாலும் கண் அன்று, விரல்.

பெரிய கை சிறிய பிடியைப் பற்றும்போது என்ன நேர்கிறது என்பதை நாங்கள் உடம்பால் அறிவோம். உள்ளங்கையின் குழிவில் மரம் படாது, அங்கே வெற்றிடம். அதை ஈடுகட்ட விரல்கள் அளவுக்கு மீறி இறுக்கும். பிடியைச் சுற்றி வந்த விரல்நுனிகள் கட்டைவிரலின் அடிச்சதையிலேயே குத்தி நிற்கும். சுட்டுவிரலின் முதல் கணுவிலுள்ள மெத்தென்ற சதை விசையில் படவேண்டும் என்பது இலக்கணம். எங்கள் விரலோ அதைத் தாண்டி மடிப்புவரை உள்ளே போய்விடும். நேராகப் பின்னோக்கி வரவேண்டிய இழுப்பு பக்கவாட்டில் திரும்பும். கீழே உள்ளங்கையைத் தாங்க ஒரு மரத்தட்டு உண்டு. அது உயரத்தில் நின்று சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை அழுத்திக்கொண்டேயிருக்கும். இருபது குண்டுக்கு மேல் மூத்தவளின் சுண்டுவிரல் மரத்துப்போகும். நாற்பதுக்கு மேல் கை நடுங்கும்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். நடுக்கத்துக்கு அவர் கண்ட காரணம் பயம், மருந்து பயிற்சி. அவர் எல்லோருக்கும் சொல்லும் கதை ஒன்றுண்டு. ஹங்கேரியின் கரோலி டகாச் வலக்கையால் சுடுவதில் பெயர் பெற்ற ராணுவ வீரர். 1938-இல் கையெறி குண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. அவர் இடக்கையைப் பழக்கி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். "கையையே மாத்திக்கிட்டாரும்மா அவரு. உங்களுக்குப் பிடி கொஞ்சம் சின்னது, அவ்வளவுதானே?" என்பார் பயிற்சியாளர். நாங்கள் தலையாட்டுவோம். டகாச் ஒரு கைக்குக் கற்றுக்கொடுத்தார், அதைச் சிறிதாக்கிக்கொள்ளவில்லை என்ற பதில் எங்களுக்குத் தோன்ற ஐந்தாண்டுகள் ஆயின.

2019-இல் மூத்தவள் நிறுத்திவிட்டாள். இரவில் விரல் மரத்து விழித்துக்கொள்வதாகச் சொன்னாள். இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்களில் இளையவள் அதை நம்பவில்லை. தோல்விக்குக் கையைச் சாக்காகச் சொல்வதாகவே நினைத்தாள், ஒருநாள் சொல்லியும்விட்டாள். "உன் கையும் என் கையும் ஒண்ணுதானே அக்கா, எனக்கு ஏன் வலிக்கல?" என்று கேட்டாள். அது பொய். அவளுக்கும் வலித்தது. வலியை மறைத்துக்கொண்டவள் வலியைச் சொன்னவளைக் குற்றம் சாட்டிய அந்த நாளுக்குப் பிறகு, ஓராண்டு போல எங்களுக்குள் துப்பாக்கியைப் பற்றிய பேச்சே இல்லை.

2022-இல் வெளியூர்ப் போட்டியொன்றில் அடுத்த தடத்தில் நின்ற வீரர், தம் பிஸ்டலைச் சற்றுப் பிடித்துப் பார்க்கும்படி இளையவளிடம் கொடுத்தார். பெரிய அளவுப் பிடி. அதுவும் அவர் விரலுக்கென்று செதுக்கியது. அவள் கைக்கு முழுதும் பொருந்தவில்லை. ஆனால் உள்ளங்கை முழுக்க மரம் பட்டது. சுட்டுவிரல் எதன்மீதும் உரசாமல் தனியே, தன் வேலைக்காகக் காத்திருந்தது. வீடு திரும்பியதும் அவள் முதலில் செய்தது, அக்காளின் கையை ஒரு வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்ததுதான். மன்னிப்பு என்று தனியே ஏதும் கேட்கவில்லை. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை 20.1 செண்டிமீட்டர் என்று எழுதிவைத்தாள். தன் கை 19.6. ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு. உன் கையும் என் கையும் ஒன்றன்று.

பிறகு படிக்கத் தொடங்கினோம். கைகள் பலவகை என்பதைத் துப்பாக்கி உலகமே மெதுவாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் படையின் 1911 கோல்ட் பிஸ்டல், சுடும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடித்தது. முதல் உலகப்போருக்குப் பின், 1920-களில், பின்பக்க வாலை நீட்டி, விசையைக் குட்டையாக்கி, பிடியின் முதுகை வளைத்து மாற்றினார்கள். ஆயினும் எல்லாக் கைக்கும் அந்த ஒரே வடிவம்தான். 1990-களில் வந்த வால்தர் பி99-இல் பிடியின் முதுகுப்பகுதியை மட்டும் கழற்றி வேறு அளவில் மாட்டிக்கொள்ளலாம். 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டலுக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று பிடிகள். ஒலிம்பிக் துப்பாக்கிகள் இதில் எப்போதோ முன்னே போய்விட்டன. வலக்கை, இடக்கை, அவற்றுள் நான்கைந்து அளவுகள், தாங்கித் தட்டை ஏற்றி இறக்கும் வசதி எல்லாம் உண்டு. விசையைக்கூட ஒரு சிறு திருகைத் தளர்த்தி முன்னே நகர்த்தலாம். எங்கள் கிளப்பில் அந்தத் திருகை யாரும் தொட்டதில்லை. பொதுப்பொருள் அல்லவா?

இருவரும் பணம் போட்டுப் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினோம். அதிலும் நடுத்தரப் பிடியே இருந்தது. பெரிய பிடியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க ஆகும் செலவைக் கேட்டு மலைத்து, தெருமுனையிலிருந்த ஆசாரியிடம் போனோம். துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை, திருகைக் கழற்றிப் பிடியை மட்டும் எடுத்துச்சென்றோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மரத்த எடுக்கறது என்ர வேலைங்க அம்மிணி. சேக்கறதுக்கு எம்-சீல்தான்" என்றார்.

அப்படியே செய்தோம். எம்-சீலைப் பிசைந்து பிடியின் இரு பக்கங்களிலும் அப்பி, மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, மூத்தவள் கையால் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். காய்ந்ததும் அவள் கையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. வெற்றிடம் ஏதுமில்லை. மகிழ்ந்துபோனோம்.

இரண்டு தவறுகள் செய்திருந்தோம். முதலாவதைக் காட்டிக்கொடுத்தது பெட்டி. போட்டிக்கு முன் பிஸ்டலை 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலமுள்ள பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. அதே அளவில் ஆசாரி ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்து தந்தார். எங்கள் பிடி நுழையவில்லை. அதன் பருமன் 53 மில்லிமீட்டர். இரண்டாவதைக் காட்டிக்கொடுத்தது இலக்கு. குண்டில்லாத துப்பாக்கியோடு நின்று, கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பிடி சரியாக இருந்தால் முன்குறி பின்குறியின் பிளவுக்கு நடுவில் தானாக நிற்கும். மூத்தவளுக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றது. விரலும் பழையபடி மடிப்புவரை உள்ளேதான் போயிற்று.

அன்று மாலை அந்தப் பெட்டியையும் பிடியையும் எதிரே வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தோம். மறுபடியும் வளையல் கடை. விதி 50 என்கிறது, கை 53 என்கிறது. விட்டுவிடலாம் என்றாள் மூத்தவள். அப்போதுதான் இளையவள் பழைய வெள்ளைத்தாளை எடுத்துவந்து பார்த்தாள். அந்தக் கையில் மிகுந்திருந்தது நீளமே தவிர தடிமன் அன்று. பெரிய கைக்குக் கொழுத்த பிடி வேண்டும் என்று நாங்களாக முடிவு செய்திருந்தோம். தேவைப்பட்டது பருமன் அன்று, தூரம். கையின் கவையிலிருந்து விசைவரை உள்ள தூரம். விரல்களிலிருந்து கீழ்த்தட்டுவரை உள்ள தூரம்.

பக்கங்களில் அப்பியதை அரத்தால் ராவினோம். கவை அமரும் பின்பகுதியில் சிறிது சேர்த்தோம். கை பின்னே வந்தது. விசையைத் திருகு அனுமதித்த வரையில் முன்னே தள்ளினோம். தாங்கித் தட்டைக் கீழே இறக்கினோம். சுட்டுவிரல் உரசும் இடத்தில் மரத்தையே குடைந்து எடுத்தார் ஆசாரி. உள்ளங்கைக் குழிவில் மட்டும் ஒரு சிறு மேட்டை விட்டு, மற்றதை உப்புத்தாளால் தேய்த்தோம். ஒரே நாளில் முடியவில்லை. தேய்ப்பது, கண்ணை மூடிக் கை உயர்த்துவது, திறந்து பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்று ஆறு வாரம் ஆயிற்று. இறுதியில் 49 மில்லிமீட்டர். பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மூத்தவள் 2023-இல் மறுபடியும் போட்டிக்கு நின்றாள். பதக்கம் எதுவும் இல்லை. நிறுத்துவதற்கு முன் அவளுடைய சிறந்த கணக்கு அறுநூற்றுக்கு 519, அன்று 541. பெரிய போட்டிகளின் கணக்கில் இது ஒன்றுமில்லை. அறுபதாவது குண்டு முடிந்து துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, அவள் சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். உணர்ச்சி இருந்தது. பின்னால் நின்ற எங்களில் மற்றவள் அட்டைகளைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளரிடம் பிடியைக் காட்டினோம். வாங்கி, பற்றி, தம் கைக்குப் பொருந்தாமல் திருப்பித் தந்தார். "இது உங்களுக்கு மட்டுந்தாம்மா ஆகும்" என்றார். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்பது தெரியவில்லை. சில மாதங்களில் கிளப்பின் பிஸ்டல் ஒன்றில் விசை முன்னே நகர்ந்திருந்ததைப் பார்த்தோம்.

இப்போது கிளப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுக்கிறோம். கையை விரித்து வைக்கச் சொல்கிறோம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும், பெண்பிள்ளைகள் சற்றுக் கூடுதலாகவே, விரல்களை ஒடுக்கிக்கொண்டுதான் வைக்கிறார்கள். நன்றாக விரி, இருக்கிற அளவுதான் வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு விரிக்கிறார்கள்.