எருக்குழியின் செல்லப்பிள்ளை

பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் கஞ்சாச் செடிகளின் நடுவே நின்று ஒரு கிழவியிடம் பாடம் கேட்டார் என்றால், நேயர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். என்ன செய்வது? நடந்தது அதுதான்.

சென்ற சரஸ்வதி பூஜை விடுமுறையில் குமாவும் மலைநாட்டுக்கு யாத்திரை போயிருந்தேன். ரயில் காத்கோதாமோடு நின்றுவிடுகிறது. அப்பால் பஸ்தான். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் அந்தப் பிரயாணம், அல்மோராவில் ஓர் இரவு இளைப்பாறி, மறுநாள் கௌஸானியில் முடிவடைந்தது. 1929-ஆம் வருஷம் மகாத்மாஜி தங்கி, கீதை மொழிபெயர்ப்புக்குத் தம் முன்னுரையை எழுதிய ஊர் அது. வடக்கே திரிசூலமும் நந்தாதேவியும் வெள்ளி மதில்களைப் போல் நிற்கின்றன. அவற்றை வர்ணிக்க என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பலர் உண்டு. நான் சொல்ல வந்தது குப்பையைப் பற்றி.

மறுநாட்காலை மலைச்சரிவில் ஒரு சிற்றூருக்கு இறங்கிச் சென்றேன். கல்லால் கட்டிய மாடி வீடுகள். மேலே மனிதர் வாசம், கீழே மாடுகள். அந்தக் கீழ்த்தளத்துக்குக் கோட் என்று பெயர். ஒரு வீட்டின் பின்புறம், எருக்குவியலை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு செடிக் கூட்டம் தழைத்திருந்தது. விரித்த கைவிரல்களைப் போன்ற இலைகள். அடையாளம் கண்டதும் இரண்டடி பின்வாங்கினேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்த நாட்டில் பாட்டியை 'ஆமா' என்று அழைக்கிறார்கள். நம் பக்கத்தாருக்கு எளிதில் வாயில் வரும் வார்த்தை. என் அரைகுறை ஹிந்தியும், அவளுடைய பேரனின் உதவியும் சேர்ந்து சம்பாஷணை நடந்தது.

"பயப்படாதீர்கள், மாஸ்டர்ஜீ! நேற்று ராத்திரி நீங்கள் சட்னி சாப்பிடவில்லையா? அது இதன் விதைதான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு முறை கேட்டு வாங்கியல்லவா சாப்பிட்டிருந்தேன்! விதையில் மயக்கம் இல்லை என்று அவள் உறுதி கூறிய பிறகே மனம் நிம்மதியடைந்தது. விதையை வறுத்து அரைத்தால் சட்னி; தண்டின் பட்டையை உரித்தால் நார். அந்த நாரில் நெய்த பாங்கேலா என்னும் முரட்டுத் துணியும், கயிறும், தானிய மூட்டைகளும் பல தலைமுறைகளாக மலைவாசிகளுக்கு உதவி வந்தவை. நம் ஊரில் பூ வரும் பருவத்தில் மடக்கி உழுது உரமாக்கும் சணப்பை வேறு ஜாதி. அது பயறு வகையைச் சேர்ந்தது. சணப்பை மண்ணுக்கு உரம் கொடுக்கிறது. இதுவோ உரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் செடி.

"ஏன் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் எங்கே வளர்க்கிறோம்? எரு இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு அதுவே வந்து நிற்கிறது" என்றாள் ஆமா.

இது பாட்டி வேடிக்கைக்குச் சொன்னதல்ல. மனிதனுடைய குடியிருப்பைத் தொடர்ந்து வந்து, குப்பைமேடுகளில் தானே முளைக்கும் செடி இது என்று தாவர சாஸ்திரிகளும் கூறுகிறார்கள். சாணமும் கோமூத்திரமும் ஊறிய நிலத்தில் தழைச்சத்து மிகுதி. அதை உண்டுதான் சில மாதங்களில் இப்படி வளர்கிறது. அடுப்புச் சாம்பலைத் தூவினால் சாம்பல் சத்தும் கிடைத்துவிடுகிறது. ஆனால் செல்லம் மிஞ்சினால் பிள்ளை கெட்டுப்போவது இங்கும் உண்டு. தழைச்சத்து அளவு கடந்தால் தண்டு பருத்து, நார் வலுவிழக்கும்.

அந்த எரு உண்டாகும் விதத்தை ஆமா விவரித்தாள். மலைமேல் பாஞ்ச் என்ற ஓக் மரக் காடு இருக்கிறது. ஸ்திரீகள் விடியற்காலையில் ஏறிச் சென்று, உதிர்ந்த இலைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். அவை கோட்டிலே மாடுகளுக்குப் படுக்கையாகின்றன. சாணமும் மூத்திரமும் ஊறிய பின், வாரிக் குவித்து மட்கவிட்டு, விதைப்புக்கு முன் படிக்கட்டு வயல்களுக்குச் சுமக்கிறார்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் முளை கருகிவிடுமாம்.

இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு துரை, இலை தழை, சாணம், மூத்திர மண், சாம்பல் இவற்றைச் சேர்த்து மட்கச் செய்யும் முறையை 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். குடியானவர்களே தமக்கு ஆசிரியர்கள் என்று கருதியவர் அவர். அத்தகைய ஆசிரியை ஒருத்தியின் முன்தான் நான் நின்றேன்.

"இப்போது இலை குறைந்துவிட்டது" என்று ஆமா எதிர்மலையைக் காட்டினாள். அங்கே முழுவதும் சீர் என்னும் பைன் மரங்கள். அந்த ஊசியிலை எளிதில் மட்குவதில்லை; மாடும் அதைத் தின்னாது; கோடையில் ஒரு பொறி விழுந்தால் போதும், மலை முழுவதும் பற்றிக்கொள்ளும்.

மரத்துக்கும் பிசினுக்கும் ஆசைப்பட்டுப் பைனைப் பேணியது பிரிட்டிஷ் சர்க்கார். 1911 முதல் 1917 வரை குமாவும் காடுகளைப் பெருவாரியாக ஒதுக்கி, இலை பொறுக்கவும் மாடு மேய்க்கவும் கட்டுப்பாடு விதித்தது. 1921 ஜனவரியில் பாகேஸ்வரத்தில், ஜனங்கள் கூலியில்லா வேலைக்கான பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தார்கள். அந்தக் கோடையிலேயே பைன் காடுகள் பல தீக்கிரையாயின. ஆனால் பாஞ்ச் காடுகளை ஜனங்கள் பெரும்பாலும் தொடவில்லை! கோபத்திலும் அவர்கள் எருவை மறக்கவில்லை. 1931-ல் கிராமக் காடுகளைப் பஞ்சாயத்துகளே நிர்வகிக்க விதிகள் ஏற்பட்டன.

இன்று இந்தச் செடிக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. 1985-ஆம் வருஷத்துச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தபோதிலும், நாருக்கும் விதைக்கும் சர்க்கார் அனுமதியோடு பயிரிட இடம் வைத்தது. 2018-ல் உத்தரகண்ட சர்க்கார் அதற்கு லைசென்ஸ் வழங்க முற்பட்டது. லைசென்ஸைக் காகிதத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் எருவை எந்தக் காரியாலயம் கொடுக்கும்? பாஞ்ச் காடு இல்லையேல் இலை இல்லை. இலை இல்லையேல் எரு இல்லை. பிறகு மூட்டை உரத்துக்குக் கடன் வாங்குவதைத் தவிர மலைவாசிக்கு வேறு வழி ஏது?

விடைபெறும்போது, ஆமா ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்த விதையை நீட்டினாள். போகிற வழியில் யாராவது சோதனை போட்டால் என் உபாத்தியாயப் பட்டம் என்னாவது என்று தயங்கினேன். அவளோ அதற்குள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலையேறத் தொடங்கிவிட்டாள், மறுவருஷத்து எருவுக்கு இலை பொறுக்க.