சங்கம் வைக்க எவ்வளவு தருவார்கள்?

தர்மபுரி மாவட்டத்தில் எந்த வேளாண் விரிவாக்க மையத்துக்கும் விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து வந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். ''நாங்க ஒரு சங்கம் வைக்கப் போறோம் சார். அரசாங்கத்துல எவ்வளவு தருவாங்க?'' கேள்வியில் தப்பில்லை. மஞ்சளுக்கும் தக்காளிக்கும் தனி ஆளாக விலை பேசித் தோற்றவர்கள் கேட்பது அது. ஆனால், வரிசைதான் தலைகீழ்.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கிறது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளி பழங்குடியினரும், தாண்டாக்களில் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வாங்கிய கடன் ஏறி, ஜனங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பிழைக்கப் போவது மட்டும் நிற்கவில்லை. சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் பணப்பயிர் ஏறியதில் வீட்டுச் சாப்பாடும் கெட்டது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்று விவசாயிகளைக் கூட்டிப் பேசினார்கள். 2004-ல் இயற்கை விவசாயத்துக்கு மாற முன்வந்தவர்கள் நான்கே பேர்.

நான்கு பேர்! எந்தத் திட்டத்திலும் அந்த எண்ணிக்கைக்கு ஒரு படிவம்கூட கிடைக்காது. அந்த நான்கிலிருந்து வளர்ந்ததுதான் சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம். இன்று பல நூறு குடும்பங்கள் அதில் இருக்கின்றன. மஞ்சளும் சிறுதானியமும் சேர்த்தே விற்கப்படுகின்றன. பெண்கள் குழுக்கள் சத்துமாவு வரை தயாரிக்கின்றன.

'அங்கே மருத்துவமனை பத்து வருஷம் சம்பாதித்த நம்பிக்கை இருந்தது, எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், பால் சங்கத்தில் தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறவர் யார், மகளிர் குழுவில் தவணை தவறாதவர் யார் என்பது எந்த ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். முதலில் தேட வேண்டியது அவர்களைத்தான்.

பணம் வரும் விதமும் இதையேதான் சொல்கிறது. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் பங்கு மானியம் உண்டு. உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு ரூ.2,000 வரை, நிறுவனத்துக்கு ரூ.15 லட்சம் வரை. 'ஈடாக' என்ற சொல்லைத்தான் பலர் கவனிப்பதில்லை. உறுப்பினர் 500 ரூபாய் போட்டால் 500 ரூபாய்தான் வரும். 2025 பிப்ரவரியில் அந்த 10,000 இலக்கு எட்டப்பட்டுவிட்டது. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் இப்போது நடப்பில் உள்ள உதவி என்ன என்பதை நபார்டு மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும், வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகத்திலும் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

மாநில அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-ல் வந்தது. 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து இணைந்தால் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி. பல குழுக்கள் அதில் பண்ணைக் கருவிகள் வாங்கின. ஏற்கெனவே கொடுக்கல் வாங்கலில் பழகிய குழுக்களில் கருவி வாடகைக்கு ஓடியது. மானியத்துக்காகவே கூடிய குழுக்களில் அது தலைவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கோழிகள் ஏறி உட்கார வசதியாக இருக்கிறது.

பதிவு அவ்வளவு சிரமமில்லை. ஏழு பேர் இருந்தால் சங்கச் சட்டத்தில் பதியலாம். ஆனால், வியாபாரம் செய்து லாபத்தைப் பங்கிட அது உதவாது. அதற்கு உற்பத்தியாளர் நிறுவனம் வேண்டும். பத்து உற்பத்தியாளர்கள் போதும், பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கூட்டுறவுச் சங்கமாகவே வேண்டுமென்றால் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளரைப் பார்க்க வேண்டும். மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பு, வரும் மஞ்சள் அறுவடையில் பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றி ஈரோட்டுக்குக் கொண்டு போகலாம். எடை, விலை, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி பத்துப் பேரும் கையெழுத்துப் போடட்டும். அடுத்த முறை மையத்துக்கு வரும்போது அந்த நோட்டும் கூட வரட்டும்.