மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணம் போனால் கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். தெருவில் எதிர்ப்படும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களையும் சற்று நின்று பாருங்கள். ஒரு கொடிய காலத்தைக் கடந்து வந்த வண்டிகள் அவை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல், யாழ் நகரிலிருந்த நம் சமூகத்தவரை இரண்டே மணி நேர அவகாசம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அங்கே எஞ்சியிருந்தவர்கள் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல இந்தக் கார்களை நம்பினார்கள். அவை ஓடியதோ மண்ணெண்ணெயில்!

எப்படி என்கிறீர்களா? பம்ப் அடுப்பு பற்றவைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் சிறிது ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னரைச் சூடாக்குகிறோம். பிறகுதான் பம்ப் அடிக்கிறோம். அவசரப்பட்டால் புகைதான் வரும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். காரிலும் அப்படித்தான். காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின.

சூடு குறைந்தால் எரியாத மண்ணெண்ணெய் வழிந்து ஒயிலில் கலந்து, அதை நீர்த்துவிடும். ஆகவே மண்ணெண்ணெயில் ஓடிய போர்ட்சன் போன்ற உழவு இயந்திரங்களில் ரேடியேற்றருக்கு முன்னே திரை கட்டிக் காற்றைக் குறைப்பது உலகெங்கும் வழக்கம். காரின் முன்வலையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகினாலும் அதே பயன்தான். ஆனால் முழுதும் மூடக் கூடாது. கொதிக்கும் பானைக்கு மூடியைச் சற்றே விலக்கி வைப்பதுபோல் பாதி திறந்திருக்க வேண்டும். சூடு காட்டும் முள்ளின் மேல் கண் இருக்க வேண்டும். முள் ஏறினாலோ, பாரத்தோடு மெதுவாகப் போக நேர்ந்தாலோ அட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கொதித்துப் போனால் இயந்திரமே பழுதாகிவிடும்.

இன்றைய கார்களில் இதைச் செய்து பார்க்காதீர்கள். சூட்டைச் சீராக வைக்கத் தேர்மோஸ்ரற் உண்டு. சூடான ரேடியேற்றரின் மூடியையும் ஒருபோதும் திறவாதீர்கள்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வெளியேறிய நம் குடும்பங்களில் சில திரும்பிப் போயிருக்கின்றன. நீங்களும் அங்கே போனால், பழைய கார் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இல்லாமையை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம்.